உழவர் பக்கம் நின்ற அதிகாரி: ரமேஷ் சந்திர தத்தர்

உயர்ந்த அரசாங்க அதிகாரி, நாவலாசிரியர், ரிக்வேதத்தைத் தாய்மொழியில் பெயர்த்தவர், லண்டனில் வரலாறு கற்பித்த ஆசிரியர், காங்கிரஸ் மகாசபையின் தலைவர், ஒரு சமஸ்தானத்தின் திவான் - இத்தனை பொறுப்புகளையும் ஒரே பிறவியில் ஏற்றவர் ரமேஷ் சந்திர தத்தர். மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு அவரது வாழ்க்கை பல திசைகளில் சிதறிக் கிடப்பதுபோலத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால், அவர் ஏற்ற பணிகள் அனைத்தின் அடியிலும் ஒரே கேள்வி ஓடுவதைக் காணலாம். ஊருக்கெல்லாம் உணவளிக்கும் உழவன் ஏன் பட்டினி கிடந்து சாகிறான்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே அவரது 61 ஆண்டு வாழ்வு கழிந்தது.

இளமையும் கடல் பயணமும்

கல்கத்தாவில் ராம்பாகான் பகுதியில் வாழ்ந்த தத்தர் குடும்பம் கல்வியிலும் இலக்கியத்திலும் பெயர் பெற்றது. இளம் வயதிலேயே மறைந்த கவிஞர் தோரு தத் இக்குடும்பத்தைச் சேர்ந்தவர்தாம். இக்குடும்பத்தில் 1848-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் ரமேஷ் சந்திரர் பிறந்தார். தந்தை ஈசான் சந்திரர் டெபுடி கலெக்டராகப் பணியாற்றியவர். தந்தையின் அலுவல் காரணமாக வங்காளத்தின் பல மாவட்டங்களைச் சிறு வயதிலேயே காணும் வாய்ப்பு மகனுக்குக் கிடைத்தது. 1861-ஆம் ஆண்டு படகு விபத்தில் தந்தை காலமானார். பதின்மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனை, ஆங்கிலத்தில் நூல்கள் எழுதி வந்த சிற்றப்பா சசி சந்திரர் வளர்த்தார். ஓய்வு நேரமெல்லாம் எழுத்தில் ஈடுபட்ட அவரது பழக்கம் ரமேஷ் சந்திரரிடமும் படிந்தது.

ஹேர் பள்ளியிலும் பிரசிடென்சி கல்லூரியிலும் படித்த அவர், 1868-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு துணிச்சலான காரியத்தைச் செய்தார். கடல் கடப்பது பாவம் என்று கருதப்பட்ட அக்காலத்தில், வீட்டாருக்குத் தெரியாமல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அவருடன் சென்ற நண்பர்கள் இருவர்: பிஹாரி லால் குப்தா, சுரேந்திரநாத் பானர்ஜி. மூவரின் நோக்கமும் ஐ.சி.எஸ். தேர்வே. அதற்கு முன் அத்தேர்வில் வென்ற இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர் ஒருவரே. 1869-இல் மூவரும் தேர்ச்சி பெற்றனர்; தத்தருக்கு மூன்றாவது இடம் கிடைத்தது. வழக்கறிஞர் பட்டமும் பெற்று, 1871-இல் அவர் தாயகம் திரும்பினார்.

கிராமங்கள் கற்பித்த பாடம்

உயர்ந்த பதவியும் நல்ல ஊதியமும் கிடைத்துவிட்டால் மனம் அதிலேயே நிறைவு கொண்டுவிடுவது இயல்பு. தத்தரின் மனமோ கிராமங்களை நாடிச் சென்றது. அவர் பணி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. 1874-இல் ஸ்ரீ சைதன்யர் அவதரித்த நதியா மாவட்டத்தில், மெஹர்பூர் பகுதியில் அவர் நிவாரணப் பணியில் ஈடுபடுத்தப்பட்டார். 1876-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பெரும் புயலும் கடல் அலையும் கீழை வங்காளக் கரையைத் தாக்கின. கங்கையின் முகத்துவாரத்தில் உள்ள தக்ஷிண் ஷாபாஸ்பூர் தீவு நிலைகுலைந்தது. இன்று வங்கதேசத்தில் போலா எனப்படும் தீவு அதுவே. புயலில் தப்பியவர்களைப் பின்னால் வந்த காலரா கொண்டுபோயிற்று. அத்தீவின் நிர்வாகத்தைச் சீர்செய்யும் பொறுப்பு தத்தரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்த அனுபவங்களில் அவர் கண்ட உண்மை எளியது, ஆனால் கசப்பானது. மழை பொய்த்த ஓர் ஆண்டையோ, புயல் வீசிய ஓர் ஆண்டையோ தாங்குவதற்குக் கூட உழவனிடம் சேமிப்பு இல்லை. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டுகளில் அவன் ஈட்டியதெல்லாம் எங்கே போயிற்று? ஜமீன்தார் வாங்கும் குத்தகை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவதை அவர் நேரில் கண்டார். 1793-இல் கம்பெனி அரசு ஜமீன்தார்களுக்கு நிலவரியை நிரந்தரமாக நிர்ணயித்துக் கொடுத்திருந்தது. அவர்களுக்கு அளித்த அதே பாதுகாப்பை, அவர்களுக்குக் கீழே நிலத்தை உழுதவனுக்கு ஏன் அளிக்கவில்லை என்பதே இளம் அதிகாரியின் கேள்வி. 1874-இல் வெளிவந்த வங்காள உழவர்களைப் பற்றிய அவரது ஆங்கில நூல் இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பியது. அப்போது அவருக்கு வயது 26. பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. செல்வாக்கு மிக்க ஜமீன்தார் வகுப்பினரின் கோபத்தை அவர் பொருட்படுத்தவில்லை. குத்தகை உழவர்களின் உரிமைகளுக்கு ஓரளவு பாதுகாப்பளித்த வங்காளக் குத்தகைச் சட்டம் பின்னர் 1885-இல் நிறைவேறியது.

1883-ஆம் ஆண்டு பாக்கர்கஞ்ச் மாவட்டத்தின் நிர்வாகப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரு மாவட்டத்தை ஆளும் பொறுப்பு அவ்வளவு எளிதில் இந்தியர் எவருக்கும் தரப்படாத காலம் அது. இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாமா என்ற இல்பர்ட் மசோதா விவாதத்தால் அதே ஆண்டில்தான் நாடே கொந்தளித்தது. அந்த மசோதாவுக்கு வித்திட்ட குறிப்பை அரசுக்கு எழுதியவர் கப்பலில் உடன் சென்ற நண்பர் பிஹாரி லால் குப்தா. இந்தியர்களுக்கு நிர்வாகத் தகுதி இல்லை என்று மேடைகளில் முழங்கியவர்களுக்கு, பாக்கர்கஞ்சை அமைதியாக ஆண்டு காட்டியதன் மூலம் தத்தர் விடையளித்தார். 1894-இல் பர்த்வான் கோட்டத்தின் கமிஷனராகவும், அடுத்த ஆண்டு ஒரிஸ்ஸாவின் கமிஷனராகவும் பொறுப்பேற்றார். ஐ.சி.எஸ். பணியில் அந்தப் படியை எட்டிய முதல் இந்தியர் அவரே.

தாய்மொழியின் அழைப்பு

இவ்வளவு அலுவல்களுக்கிடையிலும் அவரது பேனா ஓயவில்லை. ஆங்கிலத்திலேயே எழுதி வந்த அவரை வங்க மொழிக்குத் திருப்பியவர் பங்கிம் சந்திரர். தமக்கு வங்க மொழி நடை தெரியாதே என்று தத்தர் தயங்கியபோது, கற்றவர்கள் எழுதினால் அதுவே நடையாகிவிடும் என்று பங்கிமர் ஊக்கமளித்தார். அதன் பயனாக நான்கு வரலாற்று நாவல்களும், சன்ஸார், சமாஜ் என்ற இரண்டு சமூக நாவல்களும் பிறந்தன. மகாராஷ்டிரத்தின் எழுச்சியும் ராஜபுத்திரரின் வீரமும் அவரது வரலாற்றுக் கதைகளில் உயிர்பெற்றன. விதவையின் மறுமணத்தையும் சாதி கடந்த திருமணத்தையும் அவரது சமூக நாவல்கள் பரிவோடு பேசின.

இவரது இல்லத் திருமணத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி வங்க இலக்கிய உலகில் நன்கு அறியப்பட்டது. விருந்தினராக வந்த பங்கிமருக்குத் தத்தர் மாலை அணிவித்தார். பங்கிமரோ அம்மாலையைக் கழற்றி, அங்கு நின்றிருந்த இளைஞர் ரவீந்திரநாத் தாகூரின் கழுத்தில் இட்டு, இவரது கவிதைகளைப் படித்தீர்களா என்று தத்தரிடம் கேட்டார். மூத்தவர் இளையவரை வாழ்த்திய அந்தத் தருணத்தைத் தாகூர் தமது நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு பதிவு செய்துள்ளார். 1894-இல் வங்க சாகித்ய பரிஷத்தின் முதல் தலைவராகத் தத்தர் பொறுப்பேற்றபோது, அதன் துணைத் தலைவர்களுள் ஒருவராக விளங்கியவர் அதே தாகூரே.

1885-இல் ரிக்வேதத்தின் வங்க மொழிபெயர்ப்பைத் தத்தர் வெளியிடத் தொடங்கினார். பிராமணர் அல்லாதவர், கடல் கடந்தவர், அரசு உத்தியோகஸ்தர். இப்படிப்பட்டவர் வேதத்தைத் தொடலாமா என்று பழமைவாதிகள் கடுமையாக எதிர்த்தனர். ஈசுவர சந்திர வித்யாசாகர் அவருக்கு ஆதரவாக நின்றார். முன்னோர் சேர்த்து வைத்த செல்வம் எல்லா மக்களுக்கும் உரியது என்பதே தத்தரின் எண்ணம். எதிர்ப்புக்கு எதிர்ப்புரை எழுதிக் காலம் போக்காமல் பணியை முடித்தார். பின்னாளில் மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் தலைக்குச் சுமார் 2,000 ஈரடிகளில் ஆங்கிலக் கவிதையாக்கி 1898, 1899-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். பாரதத்தைப் பற்றி ஏதுமறியாத ஆங்கில இல்லங்களிலும் தருமபுத்திரரின் பொறுமையும் சீதையின் உறுதியும் நுழைய அந்நூல்கள் வழி செய்தன.

பதவியைத் துறந்த பேனா

1897-ஆம் ஆண்டு தத்தர் அரசுப் பணியிலிருந்து விலகினார். வயது 49 தான். இன்னும் பல ஆண்டுகள் பணியில் நீடித்து மேலும் உயர்ந்திருக்க முடியும். ஆனால் அரசு ஊழியராக இருக்கும்வரை அரசின் கொள்கையைப் பற்றி முழுமையாகப் பேச இயலாது. தாம் 26 ஆண்டுகள் கண்டறிந்ததை நாட்டிற்கும் ஆள்வோருக்கும் எடுத்துரைக்க வேண்டும் என்ற வேட்கையே அவரைப் பதவி துறக்கச் செய்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இந்திய வரலாற்று விரிவுரையாளர் பொறுப்பை ஏற்று, எஞ்சிய நேரத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார்.

1896-97-இல் பெரும் பஞ்சம். அந்தத் துயர் ஆறுவதற்குள் 1899-1900-இல் மீண்டும் பஞ்சம். இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். மழை பொய்த்ததே காரணம் என்று அரசு கூறியது. 1899-ஆம் ஆண்டு டிசம்பரில் லக்னோ காங்கிரசுக்குத் தலைமை வகித்த தத்தர், இந்த விளக்கம் போதாது என்பதை எடுத்துக் காட்டினார். மழையின்மை பயிரை அழிக்கும். ஆனால் உழவனிடம் சேமிப்பு இருந்தால், வேறிடத்திலிருந்து வரும் தானியத்தை வாங்கி அவன் பிழைத்துக்கொள்வான். ரயில்கள் ஓடுகின்றன, நாட்டின் ஏதோ ஒரு பகுதியில் தானியமும் இருக்கிறது, அதை வாங்கக் காசு மட்டுமே அவனிடம் இல்லை. அந்தச் சேமிப்பை உறிஞ்சியவற்றுள் முதன்மையானது, அளவின்றி உயரும் நிலவரியே என்பது அவர் வாதம்.

1900-இல் வைஸ்ராய் கர்சன் பிரபுவுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதங்கள் இவ்வாதத்தை மாகாணம் மாகாணமாக விரித்தன. மத்திய மாகாணம், சென்னை, பம்பாய், வங்காளம், வட இந்தியா என ஒவ்வொன்றின் நிலவரி முறையும் அரசின் ஆவணங்களைக் கொண்டே அலசப்பட்டது. வங்காளத்தில் வரி நிரந்தரம். சென்னை, பம்பாய் மாகாணங்களின் ரயத்துவாரிப் பகுதிகளிலோ சுமார் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. அடுத்த மதிப்பீட்டில் வரி எவ்வளவு ஏறும் என்பது உழவனுக்குத் தெரியாது. கிணறு வெட்டி நிலத்தைத் திருத்தினால் அதன் பயன் தனக்கு நிலைக்குமா என்ற அச்சம் அவனை விட்டு நீங்குவதில்லை. ஆகவே வரிக்கு ஒரு தெளிவான எல்லை வேண்டும். அந்த எல்லையை அதிகாரியின் விருப்பம் அன்று, விதி காக்க வேண்டும் என்று தத்தர் கோரினார். ஓய்வு பெற்ற ஆங்கிலேய அதிகாரிகள் பலரும் அவருடன் சேர்ந்து இந்தியா மந்திரிக்கு ஒரு மனு அளித்தனர். சென்னை மாகாணத்தில் நிலவரித் துறையை நடத்தியவர்களும் அதில் கையொப்பமிட்டிருந்தனர்.

வலிமை மிக்க வைஸ்ராயால் இக்கடிதங்களைப் புறக்கணிக்க முடியவில்லை. 1902-ஆம் ஆண்டு ஜனவரியில் அரசு ஒரு நீண்ட தீர்மானத்தை வெளியிட்டு மறுப்புரைத்தது. பஞ்சத்திற்கு நிலவரி காரணமன்று என்று அது சாதித்தது. எனினும், பெருமளவு வரி உயர்வுகளைப் படிப்படியாகவே சுமத்த வேண்டும், விளைச்சல் கெட்ட காலத்தில் வசூலில் தளர்வு காட்ட வேண்டும் என்ற கொள்கைகளை ஏற்றுக்கொண்டது. ஆயுதமோ ஆரவாரமோ இன்றி, நிதானமாக எடுத்து வைத்த உண்மை ஒரு பேரரசைப் பதில் சொல்ல வைத்தது.

அடுத்து வந்தவை அவரது வாழ்நாள் சாதனையான இரு பெரும் நூல்கள். இந்தியாவின் பொருளாதார வரலாற்றை 1757-இலிருந்து 1837 வரை ஒரு தொகுதியாக 1902-லும், 1837-இலிருந்து நூற்றாண்டின் இறுதி வரை மற்றொரு தொகுதியாக 1904-லும் வெளியிட்டார். இந்தியத் துணிகளுக்கு இங்கிலாந்தில் விதிக்கப்பட்ட கடும் வரிகள், நெசவாளர் குடும்பங்களின் வீழ்ச்சி, 1896-இல் இந்திய ஆலைத் துணிமீது சுமத்தப்பட்ட 3.5 சதவீதக் கலால் வரி, ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குச் சென்ற பணம் ஆகியவற்றை வரிசையாக எடுத்துரைத்தார். நாட்டின் நிகர வருமானமான 4 கோடியே 40 இலட்சம் பவுனில் ஏறக்குறைய பாதி வெளியே போகிறது என்பது அவர் கணக்கு. நாடாளுமன்ற அறிக்கைகளும் ஆங்கிலேய அதிகாரிகளின் சாட்சியங்களுமே அவருக்கு ஆதாரம். சென்னை மாகாண உழவர்களைப் பரிவோடு ஆராய்ந்த தாமஸ் மன்றோ போன்ற நல்ல அதிகாரிகளை அவர் மனமாரப் பாராட்டவும் தயங்கவில்லை. அவர் எழுத்தில் கோபம் உண்டு, வெறுப்பு இல்லை.

பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அவரது கணக்குகள் சிலவற்றை ஏற்கவில்லை. நிரந்தர நிலவரி பஞ்சத்தைத் தடுக்கும் என்ற அவரது நம்பிக்கையும் முழுதும் மெய்ப்படவில்லை; அம்முறை நிலவிய வங்காளத்திலேயே 1943-இல் கொடிய பஞ்சம் நேர்ந்தது. ஆயினும், மக்களின் வறுமைக்கு விதியைக் குறை கூறாமல் கொள்கையை ஆராய வேண்டும் என்று அவர் காட்டிய நெறி நிலைத்து நிற்கிறது. காந்தியடிகள் 1909-இல் எழுதிய ஹிந்த் ஸ்வராஜ் நூலில், தத்தரின் பொருளாதார வரலாற்றைப் படித்துத் தாம் கண்ணீர் விட்டதைக் குறிப்பிட்டார்.

சகோதரி நிவேதிதைக்கு ஊக்கம்

மேலைநாட்டில் வாழ்ந்த இவ்வாண்டுகளில் தத்தருக்கும் சகோதரி நிவேதிதைக்கும் தந்தை மகள் போன்ற பாசம் மலர்ந்தது. 1901-இல் நிவேதிதை நார்வே நாட்டில் தங்கியிருந்தபோது தத்தரும் அங்கு சென்றிருந்தார். இந்தியக் குடும்ப வாழ்வையும் பெண்களின் வாழ்வையும் பற்றி எழுதுமாறு அவர் நிவேதிதையைத் தூண்டினார். அவ்வாறு உருவாகி 1904-இல் வெளிவந்த 'தி வெப் ஆஃப் இந்தியன் லைஃப்' என்ற நூல், பாரத சமுதாயத்தை அன்போடு நோக்கும் கண்ணை மேலைநாட்டாருக்கு அளித்தது.

சொல்லைச் செயலாக்கிய பரோடா

குறை கூறுபவர்களைப் பார்த்து உலகம் வழக்கமாக ஒன்றைக் கேட்கும்: அதிகாரம் உங்கள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? தத்தருக்கு அந்தச் சோதனையும் வந்தது. 1904-இல் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் அவரை வருவாய் அமைச்சராக அழைத்தார். வருவாய் அமைச்சர் பதவியில் அமர்ந்தவருக்கு வரியை உயர்த்தவே மனம் வரும். கருவூலம் நிறைந்தால் பாராட்டும் கிடைக்கும். தத்தரோ தாம் எழுதியதற்கு மாறாக நடக்கவில்லை. மிகுதியான நிலவரியைக் குறைத்தார். வணிகத்தை நெருக்கிய சுங்க வரிகள் பலவற்றை நீக்கினார். வரி வசூலிக்கும் அதிகாரியே நீதி வழங்கும் முறையை மாற்றி, நீதித்துறையைத் தனியே பிரித்தார். கிராமப் பஞ்சாயத்துகளுக்கு உயிரூட்டினார்.

சயாஜிராவின் பெருமுயற்சியான கட்டாயத் தொடக்கக் கல்வி 1893-இல் அம்ரேலி பகுதியில் சோதனையாகத் தொடங்கியது. அது சமஸ்தானம் முழுவதற்கும் விரிந்தது 1906-இல், தத்தர் அமைச்சராக இருந்த காலத்தில். பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் இத்தகைய கல்வி வேண்டும் என்று 1911-இல் மசோதா கொண்டு வந்த கோகலே, பரோடாவையே முன்னுதாரணமாகக் காட்டினார். அந்த மசோதா தோற்கடிக்கப்பட்டது. ஆனால் ஓர் இந்திய அரசு செய்து காட்டிய காரியத்தை இயலாதது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

1905-இல் காசியில் கூடிய முதல் இந்தியத் தொழில் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, சுதேசித் தொழில்களுக்கு ஆதரவாக அவர் பேசினார். 1907-இல் அதிகாரப் பரவல் பற்றி ஆராய நியமிக்கப்பட்ட ராயல் கமிஷனில் இடம்பெற்ற ஒரே இந்தியர் அவர். கமிஷனோடு நாடெங்கும் பயணம் செய்து, கிராமத்தையும் மாவட்டத்தையும் சார்ந்த காரியங்களில் மக்களின் பிரதிநிதிகளுக்குப் பங்கு வேண்டும் என வலியுறுத்தினார். 1909-இல் பரோடாவின் திவானாகப் பொறுப்பேற்றார். உடல் தளர்ந்திருந்தும் ஓய்வு கொள்ளவில்லை. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் பரோடாவிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அவர் விட்டுச் சென்ற பாடம்

தத்தர் நாடு விடுதலை பெறுவதைக் காணவில்லை. ஆங்கிலேய ஆட்சி திருந்தும் என்ற நம்பிக்கையோடே மறைந்தார். அடுத்த தலைமுறை அவரைவிட வேகமாக நடந்தது. ஆனால் அத்தலைமுறை கையில் ஏந்திய உண்மைகளுள் பலவற்றை முதலில் திரட்டித் தந்தவர்களுள் தாதாபாய் நௌரோஜியோடு வைத்து எண்ணத்தக்கவர் அவர்.

தன்னலமற்ற பணி என்றவுடன் நம் மனக்கண்ணில் பசித்தவனுக்கு அன்னமிடும் கைகள் தோன்றுகின்றன. அது புனிதமான பணி. மெஹர்பூரிலும் ஷாபாஸ்பூரிலும் தத்தரும் அதைச் செய்தார். அதற்குப் பின், இவன் ஏன் பசித்தான் என்று கேட்டு, பழைய ஏடுகளுக்கிடையே ஆண்டுக்கணக்கில் அமர்ந்து விடை தேடியதும் அதே பணியின் தொடர்ச்சி. அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பார்ப்பவரும், வகுப்பறையில் வரலாறு கற்பிப்பவரும், சட்டம் இயற்றுபவரும் தம் மேசைக்கு அப்பால் நிற்கும் எளிய மனிதனை நினைவில் கொண்டால் அவர்களது அன்றாட அலுவலே வழிபாடாகும். தாம் அமர்ந்த ஒவ்வோர் ஆசனத்திலிருந்தும் ரமேஷ் சந்திர தத்தர் அந்த மனிதனைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.